கள்ளி வேலிக்கு வெளியே

யாக்கோபு வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். பிலோமி ஆட்டுக்குட்டியிடம் பேசுவாள். "கஞ்சி ஆறிக் கெடக்கு, குடிக்கிறவுக குடிக்கட்டும்" என்று அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே சொல்வாள். அவன் தலையைத் துவட்டியபடி கூரையைப் பார்த்து, "நாளைக்கு வெள்ளன போகணும்" என்பான். குட்டி பாவம், யாருக்குத் தலையாட்டுவது என்று தெரியாமல் முழிக்கும். இப்படியே இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டார்கள், குட்டி வளர்ந்த பிறகும் அதற்குக் குட்டி என்றே பேர். கேள்விப்பட்டவர்கள் சிரிப்பார்கள். அந்த வீட்டுக்குள் ஒரு வேளை உட்கார்ந்து பார்த்தால் சிரிப்பு வராது.

பந்தல்குடிக்குக் கிழக்கே வண்டிப் பாதையில் போனால் வருகிற ஊர் அது. கரிசல் காடு, நடுவில் இருபது முப்பது வேதக்கார வீடுகள், எல்லாம் கிறிஸ்தவர்கள், ஓடு வேய்ந்த சின்னக் கோயில். சாமியார் மாதத்துக்கு ஒரு தடவை மாட்டு வண்டியில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார் சுவாமிதாஸ்தான் செபம் சொல்லுவார், மணி அடிப்பார், ஊர் நியாயமும் பேசுவார்.

அப்போது ஜெர்மனி, ஜப்பான் சண்டைக் காலம். பெட்ரோல் என்பது கலெக்டருக்கே அளந்துதான் கிடைத்தது. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்கும் விருதுநகருக்கும் ஓடிய பஸ்ஸெல்லாம் முதுகில் ஓர் இரும்பு அடுப்பைக் கட்டிக்கொண்டு, கரியைத் தின்று புகையைக் கக்கிக்கொண்டு ஓடின. அதனால் கரி போடுகிறவனுக்குத் திடீரென்று மவுசு வந்தது. அதுவரை கூலிக்குப் பருத்தி மார் பிடுங்கிக்கொண்டிருந்த யாக்கோபு, கண்மாய்க் கரைப் பக்கம் உடைமரங்களைக் குத்தகைக்குப் பேசி, கரிமூட்டம் போட ஆரம்பித்தான்.

மூட்டம் என்றால் லேசுப்பட்ட வேலை இல்லை. வெட்டிய விறகைக் குத்தாக அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, ஈர மண்ணால் முழுக்க மெழுகி, உள்ளே தீ வைக்க வேண்டும். தீ எரியக்கூடாது, புழுங்க வேண்டும். மண் எங்கேயாவது வெடித்துவிட்டால் காற்று உள்ளே போகும். உடனே தீ நாக்கை நீட்டும். மூட்டம் வாய் விட்டிருச்சு என்பார்கள். ஓடிப் போய் ஈர மண்ணை அப்பி அடைக்காவிட்டால் மாதம் முழுக்கப் பட்ட பாடு ஒரு பொழுதில் சாம்பலாகிவிடும். ஆகவே மூட்டம் புகைகிற நாட்களில் யாக்கோபுக்கு வீடும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை.

அப்படிப் புகைந்துகொண்டிருந்த ஒரு நாளில்தான் அவன் பிள்ளைக்கு இழுப்பு வந்தது. பெண் பிள்ளை. பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சாமியார் வர இன்னும் நாள் இருந்ததால் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. உயிர் போகிற ஆபத்தென்றால் யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி வசனம் சொல்லிப் பேர் வைக்கலாம் என்று உபதேசியார் வருஷா வருஷம் சொல்லிக்கொடுப்பதுதான். பிலோமி பேறுகாலக் காய்ச்சலில் கண் சொருகிக் கிடந்தாள். மருத்துவச்சி முத்துத்தாயோ முனியசாமியைக் கும்பிடுகிறவள், அவளுக்கு வசனம் என்ன தெரியும்? உபதேசியார் வெளியூர் போயிருந்தார், அக்கம்பக்கத்தார் காட்டு வேலையில் இருந்தார்கள், தெரிந்தவன் மூட்டத்தில் இருந்தான். ஆள் போய்ச் சொல்லி அவன் விழுந்தடித்து ஓடி வருவதற்குள் பிள்ளை அடங்கிவிட்டது.

தண்ணீர் ஊற்றாத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது. மணி அடிக்கமாட்டார்கள், சிலுவை நடமாட்டார்கள், உபதேசியார் கூட வரமாட்டார். கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக் கள்ளி வேலி. அந்த வேலிக்கு வெளியே, கிழக்கு ஓரம்தான் அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு. நரி தோண்டிவிடக்கூடாதே என்று மேலே கல்லை அடுக்கி முள்ளைப் போட்டு வைப்பார்கள். எந்தப் பிள்ளை யாருடையது என்று அடையாளம் ஒன்றும் கிடையாது. ஏழெட்டுத் திட்டுகள், எல்லாம் கரிசல் மண், எல்லாம் ஒரே மாதிரிக் கல். நல்ல சட்டம் போட்டார்கள், நாக்கில் வைத்த தேன்கூடக் காயாத பிள்ளைகளுக்கு.

ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மிச்சம் யாக்கோபுக்கு மட்டும் தெரியும்.

அன்றைக்கு அவன் பிள்ளையைப் பிலோமியின் பழஞ்சேலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தனியாகத்தான் போனான். குழிவெட்டும் கோட்டைச்சாமி வேலியோரம் மண்வெட்டியோடு காத்திருந்தார். இன்னும் குழி தோண்டவில்லை. "எந்த எடத்துல வெட்டட்டும்ப்பா?" என்று கேட்டார். யாக்கோபு தலையைத் தூக்கினான். தூரத்தில் கண்மாய்க் கரையில் அவன் மூட்டத்துப் புகை, வெள்ளையாக எழும்பிக்கொண்டிருந்தது, திடுமென்று கறுத்தது. "மூட்டம் வாய் விட்டிருச்சு, மாமா. நீங்க பாத்துப் போட்டிருங்க" என்று சொல்லிப் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடினான்.

புகை கறுத்தது நிஜம். ஆனால் அதற்காக மட்டும் அவன் ஓடவில்லை. அவ்வளவு சின்னக் குழியை வெட்டுவதைப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது. புகை ஒரு சாக்குக் கொடுத்தது. அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்தான். அழவேண்டியதையெல்லாம் மூட்டத்துப் புகைக்குள் நின்று அழுது தீர்த்தான், அதுவும் நிஜம்தான். பாவி, அந்த அழுகையைக் கொண்டுபோய் அவளிடம் காட்டியிருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கும்.

அடுத்த மாதமே ஊரில் வாந்திபேதி வந்து கோட்டைச்சாமியைக் கொண்டுபோய்விட்டது. பிள்ளை எந்தத் திட்டில் கிடக்கிறது என்று சொல்ல இனி உலகத்தில் ஆள் கிடையாது.

பிலோமி எழுந்து நடமாடத் தொடங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "எங்க போட்டீக?" என்பதுதான். "வேலியோரம், கெழக்க" என்றான். "எந்தத் திட்டு? வந்து காட்டுங்க." "காட்டுறேன், காட்டுறேன்" என்றான். நாளைக்கு என்றான், ஞாயிற்றுக்கிழமை என்றான். அவள் விடாமல் கேட்கவும், "செத்ததையே எத்தன நாளைக்குக் கட்டிக்கிட்டு அழுவ?" என்று ஒரு நாள் கத்திவிட்டான். அன்றைக்கு வாய் மூடியவள்தான். கல்லறைத் திருநாளுக்கு ஊரே அவரவர் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றியபோது, இவள் மட்டும் திரியைக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே எந்தத் திட்டில் நடுவதென்று தெரியாமல் நின்றாள். அதை யாக்கோபு தூரத்திலிருந்து பார்த்தான். ஏதாவது ஒரு திட்டைக் காட்டி, இதுதான் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது காரியம். அவனும் அதை நினைக்காமல் இல்லை. பெற்றவளிடம் போய் அப்படி ஒரு பொய்யைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. உண்மையைச் சொல்லவும் எழவில்லை. இடத்தைக் கூடக் காட்ட மனசில்லாத கல் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

இப்படிக் கிடந்த வீட்டுக்குத்தான் தனுஷ்கோடி வந்து சேர்ந்தார்.

வீட்டுக்கு என்று சொல்வது தப்பு, மூட்டத்துக்கு. ஒரு நாள் காலையில் யாக்கோபு விறகு பிளந்துகொண்டிருந்தபோது வரப்பில் ஓர் ஆள் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும், எழுபது மாதிரி இருந்தார். தோளில் ஒரு துணி மூட்டை. "வேல இருக்கா தம்பி? கஞ்சி ஊத்துனா போதும்" என்றார். எந்த ஊர் என்று கேட்டதற்கு, "திருச்சுழிப் பக்கம். ரங்கூன்ல இருந்தேன். குண்டு போட்டப்ப நடந்து வந்தேன்" என்றார். சொந்த ஊரில் யாரும் இல்லையா என்றதற்கு இல்லை என்று தலையாட்டினார். அதற்கு மேல் யாக்கோபு கேட்கவில்லை. பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களிடம் மேற்கொண்டு கேட்கக்கூடாது என்பது அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

மனுஷன் வேலையில் புலி. பேச்சு மட்டும் கிடையாது. மூட்டத்துக்குப் பக்கத்திலேயே தழையைப் போட்டு ஒரு குச்சுக் குடிசை கட்டிக்கொண்டு அங்கேயே படுத்துக்கொண்டார். பிலோமி இரண்டு பேருக்குமாகக் கலயத்தில் கஞ்சி ஊற்றி, கடித்துக்கொள்ளத் துணியில் கருப்பட்டித் துண்டு முடிந்து கொடுத்துவிடுவாள். யாக்கோபுக்குப் பல்வலி, இனிப்பு ஆகாது. ஆனால் அதைப் பிலோமியிடம் சொல்ல ஆட்டுக்குட்டிக்கு எங்கே தெரியப்போகிறது? கருப்பட்டியை முழுசாகத் தனுஷ்கோடியிடம் கொடுத்துவிடுவான். அவர் அதை வாங்கி மடியில் சொருகிக்கொள்வார். தின்று அவன் பார்த்ததில்லை.

ஒரு நாள் சாயங்காலம் யாக்கோபு வீட்டுக்கு வந்தான். வாசலில் வெந்நீர் வைத்திருந்தது.

"காலக் கழுவிட்டு வாங்க, சோறு வைக்கேன்" என்றாள் பிலோமி.

அவன் திரும்பிப் பார்த்தான், குட்டி எங்கே நிற்கிறதென்று. குட்டி அங்கே இல்லை. அவள் அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்தக் கண்ணை நேருக்கு நேர் பார்த்ததும் அவனுக்குக் கால் கழுவவே மறந்துபோயிற்று. உள்ளே போனால் கருவாட்டுக் குழம்பு மணத்தது. அள்ளி அள்ளி வைத்தாள். எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு முள்ளுப் பெறக்க வேலியோரம் போனேன்" என்றாள். "பாத்தேன். முள்ள எடுத்துப் போட்டுட்டு, கல்ல வட்டமா அடுக்கி, சுடுகாட்டு மல்லி நட்டு வச்சிருக்கீகளே, அதப் பாத்தேன். ஈரம் காயாம இருக்கு. நான் முடிஞ்சு குடுக்கிற கருப்பட்டியத் திங்காம அங்க கொண்டுபோய் வச்சிருக்கீகளே."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எம்புட்டு நாளா செய்றீக? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ஒங்களக் கல்லுன்னுல்ல நெனச்சிட்டேன் நான்."

யாக்கோபுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. அந்தக் கருப்பட்டி யார் மடியில் போகிறதென்று அவனுக்குத் தெரியாதா? 'நான் இல்ல பிலோமி, அந்த ரங்கூன்காரர்' என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, அதோடு சேர்ந்து ஒரு சிரிப்பும் நின்றது. அவன் குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

"ம்" என்றான்.

அந்த ஓர் எழுத்தில் அவனுக்குப் பெண்டாட்டி திரும்பக் கிடைத்தாள். அதற்கப்புறம் பத்துப் பதினைந்து நாள் அந்த வீட்டில் மனுஷர்கள் குடியிருந்தார்கள். பிலோமி எண்ணெய் வைத்துத் தலை சீவினாள். அவனுக்குப் பல்வலி என்று தெரிந்து கிராம்பு வாங்கி வந்தாள். மத்தியானம் தினமும் வேலியோரம் போய், திட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாள். "பேரு வச்சுட்டேன், தெரசாள்னு" என்று ஒரு நாள் சொன்னாள். "சாமியாரு வச்சாத்தான் பேரா? தெரசான்னு கூப்பிட்டா அவளுக்குக் கேக்கும்." யாக்கோபு சிரித்தான். சிரிக்கிற வாய் சிரித்துக்கொண்டே இருக்க, உள்ளே வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. காலையில் தனுஷ்கோடி போகிறார், மத்தியானம் இவள் போகிறாள். என்றைக்காவது ஒரு நாள் ரெண்டு பேரும் முட்டிக்கொண்டால்?

தனுஷ்கோடியே ஒரு நாள் சொன்னார், அவராக வாயைத் திறந்து. "தம்பி, ஒங்க ஊர்ல நல்ல சனம் இருக்கு. அந்த வேலியோரம் யாரோ புண்ணியவதி பூ வச்சுட்டுப் போறாக."

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக யாக்கோபு வேலியோரம் போனான். தனுஷ்கோடி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கலயத்தைச் சாய்த்து, சொட்டுச் சொட்டாக, குழந்தைக்குப் பால் புகட்டுகிற மாதிரி.

"அண்ணே, இங்க என்ன செய்றீக?"

அவர் எழுந்து நின்றார். திருடன் பிடிபட்ட மாதிரி முகம் வெளுத்துப்போயிற்று. பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு மக இருந்தா, தம்பி. செல்லக்கிளின்னு பேரு. ரங்கூன்ல இருந்து கெளம்பும்போது ஆறு வயசு. அவ ஆத்தா வழியில பேதியில போயிட்டா, அவள ஆத்து மணல்ல பொதச்சேன். மகளத் தோள்ல தூக்கிக்கிட்டு மலை ஏறுனேன். ஒடம்பு நெருப்பாக் கொதிச்சுச்சு. ஒரு நாளு திடீர்னு தோள்ல கனம் கூடுன மாதிரி இருந்துச்சு. எறக்கிப் பாத்தேன். பாத்துக்கிட்டு இருக்கும்போதே மேல ஏரோப்ளேன் சத்தம். பின்னாடி வார சனம் மிதிச்சுத் தள்ளுது. ஒரு மரத்தடியில கெடத்தி, வேட்டியக் கிழிச்சுப் போத்திட்டு ஓடியாந்துட்டேன்."

கையைத் திட்டின் மேல் வைத்தார். "மண்ணு போடல தம்பி. ஒரு பிடி மண்ணு அள்ளிப் போடல நான். நாயி நரி என்ன பண்ணுச்சோ. அது ஒண்ணுதான் என்னைய ஒறங்க விடமாட்டேங்குது. இங்க வந்தப்ப இந்தத் திட்டுகளப் பாத்தேன். யாரும் வந்து போற மாதிரித் தெரியல. இருக்கிறதுல பெருசா இருக்கிற இந்த ஒண்ண எடுத்துக்கிட்டேன். மண்ணு அள்ளிப் போட்டேன். எம் மக இங்கதான் கெடக்கான்னு நெனச்சுக்கிட்டா ராத்திரிக்குக் கண்ணு அசருது. தப்புன்னா சொல்லுங்க."

இருக்கிறதில் பெரியது. யாக்கோபின் பிள்ளை ஒரு முழம்தான் இருந்தது. இதில் கிடப்பது அவனுடையது இல்லையென்று அந்த இடத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவன் பிலோமியின் கண்ணை நினைத்தான், எண்ணெய் வைத்த தலையை நினைத்தான்.

"இது எம் புள்ள" என்றான்.

தனுஷ்கோடி கையைச் சுட்டதுபோல எடுத்துக்கொண்டார். "நெசமாவா தம்பி?"

"நெசந்தான். பூ வைக்கிறது எம் பொண்டாட்டி."

அவர் கல்லின் மேல் வைத்திருந்த கருப்பட்டியை எடுத்து மடியில் சொருகிக்கொண்டார். "ஒங்க புள்ள எடத்துல எம் புள்ளையக் கொண்டுவந்து வச்சுட்டனே" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். "செடியப் பிடுங்கிரவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றான் யாக்கோபு. "நான் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துக்குப் போறேன் தம்பி. இனிமே இங்க என்னால இருக்க முடியாது." இரண்டாவது தடவையாக அவர் தன் மகளை வழியில் விட்டுவிட்டுப் போகிறார். விட வைத்தவன் யாக்கோபு. அது அவனுக்கும் உறைத்தது. உறைத்தும், அப்பாடா என்று மூச்சுவிட்டுக்கொண்டு மூட்டத்துக்கு வந்து சேர்ந்தான். வெட்கங்கெட்ட நிம்மதி அது.

தனுஷ்கோடி மாதிரி ஆட்களை யாக்கோபுகளுக்குப் புரியாது. பெற்றவளிடம் மன்னிப்புக் கேட்காமல் அந்த மனுஷன் ஊரை விட்டுப் போவாரா?

உச்சிப் பொழுதில் யாக்கோபு மூட்டத்தைச் சுற்றி வந்து மண்ணைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். வரப்பில் இரண்டு பேர் வருவது தெரிந்தது. முன்னால் பிலோமி. பின்னால், மூட்டை முடிச்சோடு தலை குனிந்து தனுஷ்கோடி.

பிலோமி சத்தம் போடவில்லை. பக்கத்தில் வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"இவுக வந்து, மகள வழியில விட்டுட்டு வந்த கதையச் சொல்லி எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாக. செடி நட்டது இவுகளாம். கருப்பட்டி வச்சது இவுகளாம்."

யாக்கோபு குனிந்து மூட்டத்து மண்ணைத் தட்டினான்.

"போகட்டும். நீங்க செய்யாட்டியும் போகுது, நான் ஒண்ணும் கேக்கல. எடம் அதுதானா? அத மட்டும் சொல்லுங்க."

"அதுதான்."

"தல எந்தப் பக்கம் வச்சாக?"

"மேக்க" என்றான்.

"மூஞ்சிய மூடிப் போட்டாகளா, தெறந்து போட்டாகளா?"

அவன் கையிலிருந்த மண்ணை உதறினான்.

"குழி எம்புட்டு ஆழம்? முழங்கால் ஆழமா, இடுப்பு ஆழமா? சொல்லுங்க. ராவும் பகலும் நான் இதத்தான நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்." அவள் குரல் உடைந்தது. "மொதப் பிடி மண்ணு நீங்கதான போட்டீக? அப்பன்தான போடணும்?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதையும் அவள் நம்பியிருப்பாள். நம்பத்தான் அவள் வந்திருந்தாள். ஆனால் பின்னால் தனுஷ்கோடி தலையைத் தூக்கி அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஒரு பிடி மண்ணுக்காக உறக்கம் கெட்ட மனுஷன். அந்த முகத்துக்கு முன்னால் யாக்கோபுக்கு அந்தப் பொய் வரவில்லை.

"இல்ல" என்றான். "கோட்டைச்சாமி கையில குடுத்துட்டு வந்துட்டேன். அவரு குழி வெட்டலை அப்ப. எந்த எடம்னு எனக்குத் தெரியாது."

காற்று வீசியது. மூட்டத்துப் புகை மூன்று பேர் மேலும் படிந்து விலகியது. பிலோமி அழவில்லை. அவனை முன்பின் பார்க்காதவள் மாதிரி மேலும் கீழும் பார்த்தாள்.

"இவுக புள்ளைய வழியில விட்டுட்டு வந்தாக" என்றாள். "பின்னாடி சண்டை வந்துச்சு, மேல குண்டு விழுந்துச்சு, விட்டுட்டு ஓடியாந்தாக. ஒங்களுக்குப் பின்னாடி என்ன வந்துச்சு?"

பயமாக இருந்தது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவ்வளவு சின்னக் குழியைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை பிலோமி என்று சொல்லியிருந்தால், ஒருவேளை, அவளும் அந்தக் குழியை நினைத்தே கிடந்தவள்தானே. அது அவன் வாயில் வரவில்லை. இரண்டு வருஷமாகத் தனக்குத் தானே சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்தான் வந்தது.

"மூட்டம் வாய் விட்டிருச்சு" என்றான்.

"கரியா?" என்று கேட்டாள் பிலோமி.

அவன் பதில் சொல்வதற்குள் மூட்டத்தின் மேல்பக்கம் படீரென்று மண் வெடித்தது. கரும்புகை குபுகுபுவென்று கிளம்பியது, அதற்குள் தீ ஒரு சாண் எழும்பியது. யாக்கோபு வேண்டுமென்று செய்யவில்லை. கண் அவன் சொல்லைக் கேட்காமல் அங்கே போயிற்று, கால் ஓர் எட்டு எடுத்து வைத்துவிட்டது. வைத்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. திரும்பிப் பார்த்தான். பிலோமி அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போங்க" என்றாள். "போயி அடைங்க."

அவன் போனான். மூட்டத்தில் சாத்தியிருந்த ஏணியில் ஏறி, ஈர மண்ணை இரண்டு கையாலும் அள்ளி வெடிப்பில் அப்பினான். கீழே பிலோமி பேசுவது காதில் விழுந்தது. அவனிடம் இல்லை. ஆட்டுக்குட்டியிடமும் இல்லை.

"அண்ணே, அந்தத் திட்டு ஒங்க மகளுக்கே இருக்கட்டும். நீங்க உப்பளத்துக்குப் போனாலும் சரி, இருந்தாலும் சரி. நான் தண்ணி ஊத்துறேன். தெரசான்னு கூப்பிட்டுட்டு இருந்தேன், இனிமே செல்லக்கிளின்னே கூப்பிடுறேன்."

"ஒங்க புள்ள, தாயி?" என்று கேட்டார் தனுஷ்கோடி.

"அது இருக்கட்டும். ஒங்க மகளுக்காவது அழுகிறதுக்கு ஒரு அப்பன் இருக்காக" என்றாள் பிலோமி.

இரண்டு பேரும் வரப்பில் நடந்து போனார்கள். வீட்டுப் பக்கம் இல்லை, வேலிப் பக்கம். ஓடினால் எட்டிப் பிடித்துவிடலாம், அப்படி ஒன்றும் தூரம் இல்லை. யாக்கோபு ஏணியின் மேல் படியில் நின்று மண்ணை அள்ளி அள்ளி அப்பிக்கொண்டே இருந்தான். வெடிப்பு அடைந்து வெகு நேரமாகியிருந்தது.